கோர்ட்டுக்குப் பதில் விமான டிக்கெட்டு

போலீஸ் வண்டியைக் கவிழ்த்தான் என்று குற்றம் சாட்டப்பட்டவனுக்குக் கோர்ட்டு கிடைத்தது, வக்கீல் கிடைத்தார், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை கிடைத்தது. "கலைந்து போ" என்று போலீசார் சொன்னபோது கலையாமல் நின்றான் என்று சொல்லப்பட்டவனுக்கு இவை எதுவுமே கிடைக்கவில்லை. அவன் கையில் ஒரு விமான டிக்கெட்டைத் திணித்து, "இனி இந்த மண்ணில் கால் வைக்காதே" என்று அனுப்பிவிட்டார்கள். 2013 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த சங்கதி இது. பெரிய குற்றத்துக்கு விசாரணை உண்டு, சிறிய குற்றத்துக்கு விசாரணையே கிடையாது! இந்த விசித்திர நியாயத்தைப் பற்றி ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் யோசித்துப் பார்க்க வேண்டும். அன்று குற்றம் சாட்டப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியலைப் படித்தால், அது நம் கிராமத்து வாக்காளர் பட்டியலைப் படிப்பது போலவே இருக்கிறது.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்திய கதையை இப்போது எதற்குக் கிளறுகிறீர்கள் என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. "அந்நியன் போலீஸ்காரன்மேல் கை வைத்தால் நாட்டை விட்டுத் துரத்து" என்ற கோஷம் இன்று பல நாடுகளில் சட்டமாகிக் கொண்டிருக்கிறது. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 2023 மே மாதம் இதே நோக்கத்தோடு ஒரு மசோதாவை நிறைவேற்றியது. அது அன்று சட்டமாகவில்லை. ஆனால் 2025 ஜனவரி 29-ந் தேதி அங்கே கையெழுத்தான வேறொரு சட்டம், முறையான அனுமதியில்லாமல் இருக்கும் அந்நியர்மேல் திருட்டு, கடைத் திருட்டு, போலீஸ் அதிகாரியைத் தாக்கியது போன்ற குற்றச்சாட்டு வந்தாலே அவரைக் காவலில் வைத்தாக வேண்டும் என்று சொல்கிறது. குற்றம் ருசுவாக வேண்டியதில்லை. கைது செய்யப்பட்டாலே போதும். அமெரிக்காவில் விவாதமாகவும் மசோதாவாகவும் வருவது சிங்கப்பூரில் சத்தமில்லாமல், ஒன்பதே நாளில் முடிந்து போயிற்று. ஆகவேதான் அதை எடுத்துக் கொள்கிறோம். அங்கே போனவர்கள் நம் பிள்ளைகள் என்பது இன்னொரு காரணம்.

நடந்தது என்ன?

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. வாரத்தில் ஆறு நாள் சாரத்தில் ஏறி நின்று சிமெண்டும் கம்பியும் சுமந்தவர்களுக்குக் கிடைத்த ஒரே ஓய்வு நாள். 'லிட்டில் இந்தியா' என்னும் பேட்டைக்கு அவர்கள் ஆயிரமாயிரமாக வருவார்கள். ஊருக்குப் பணம் அனுப்புவார்கள், மளிகை வாங்குவார்கள், பக்கத்து ஊர்க்காரனைப் பார்த்துப் பேசுவார்கள், சிலர் குடிப்பார்கள். இரவில் தனியார் பஸ்கள் அவர்களை ஏற்றிக்கொண்டு போய், நகரத்தின் ஓரத்தில் இருக்கும் விடுதிகளில் இறக்கிவிடும். அன்றிரவு ஒன்பதே கால் மணி தாண்டிய நேரத்தில், ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹாம்ப்ஷயர் சாலையும் சந்திக்கும் இடத்தில், அத்தகைய பஸ் ஒன்றின் சக்கரத்தில் சிக்கி 33 வயதுத் தமிழ்த் தொழிலாளி ஒருவர் மாண்டு போனார். குடித்திருந்த அவரைச் சற்று முன்புதான் அந்தப் பஸ்ஸிலிருந்து இறங்கச் சொல்லியிருந்தார்கள்.

கூட்டம் திரண்டது. ஆம்புலன்ஸ் வந்தது. பஸ்ஸுக்கு அடியில் கிடந்தவரை விட்டுவிட்டு, பஸ் ஓட்டியவரையும் ஆள் ஏற்றிவிடும் பெண்ணையும் காப்பாற்றுவதிலேயே அதிகாரிகள் முனைப்பாக இருக்கிறார்கள் என்று கூட்டம் எண்ணியது. பஸ்ஸுக்கு அடியில் கிடந்தவர் அதற்குள் இறந்துவிட்டார் என்பது அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்குப் புரியும் மொழியில் எடுத்துச் சொல்லவும் அந்த இடத்தில் ஏற்பாடில்லை. கல் பறந்தது. பாட்டில் பறந்தது. போலீஸ் வண்டிகள் புரட்டப்பட்டன. ஒரு ஆம்புலன்ஸ் எரிந்தது. சுமார் நானூறு பேர் சம்பந்தப்பட்டிருந்ததாகச் சொன்னார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட போலீசாரும் மீட்புப் படையினரும் காயமடைந்தார்கள். நள்ளிரவுக்கு முன் எல்லாம் அடங்கிவிட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கலவரத்தையே காணாத நகரத்தில் இது நடந்தது.

இதில் நாம் ஒளித்து மறைத்துப் பேச ஒன்றுமில்லை. ஆம்புலன்ஸை எரித்தது அறிவீனம். அதில் வந்தவர் கூலிக்கு வேலை செய்யும் மனிதர். அடிபட்டவனை எடுத்துப் போக வந்தவர். தொப்பி அணிந்த கான்ஸ்டபிளும் யாரோ ஒரு ஏழைத் தாய் பெற்ற பிள்ளைதான். அவன் தலையில் பாட்டிலை எறிவதால் எந்தத் தொழிலாளியின் கூலியும் ஒரு காசுகூட உயராது. அந்தப் போலீசார் அன்றிரவு ஒரு குண்டுகூடச் சுடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் நாட்டுப் போலீஸைப் பற்றி எப்போதும் இப்படிச் சொல்ல முடிகிறதா?

ஆகவே, தாக்கியவனுக்குத் தண்டனையே கூடாது என்று நாம் வாதாடவில்லை. அவன் தாக்கினான் என்பதை யார் தீர்மானிப்பது, எங்கே தீர்மானிப்பது என்பதுதான் நம் கேள்வி.

போலீசார் விடுதி விடுதியாகப் போய் ஆயிரக்கணக்கான தொழிலாளரை விசாரித்தார்கள். டிசம்பர் 17-ந் தேதி, அதாவது சம்பவம் நடந்து ஒன்பதாம் நாள், சர்க்கார் தன் முடிவை அறிவித்தது. தொழிலாளர்களை மூன்று கூறாகப் பிரித்தார்கள். வண்டிகளைத் தாக்கியவர்கள், கல்லெறிந்தவர்கள், மற்றவர்களைத் தூண்டியவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் முதல் வகை. இவர்கள்மேல் கோர்ட்டில் வழக்கு. முடிவில் 25 பேர் இப்படி நிறுத்தப்பட்டார்கள். கலவரத்தில் சேர்ந்திருந்து, கலைந்து போகச் சொல்லியும் போகாதவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் இரண்டாம் வகை. இவர்கள் செய்தது முதல் வகையினர் செய்ததைவிடக் குறைந்த குற்றம் என்று சர்க்காரே ஒப்புக்கொண்டது. இவர்களைக் கோர்ட்டுக்குக் கொண்டு போகாமல் நாட்டை விட்டு அனுப்பினார்கள். முதலில் 53 பேர், பிறகு நால்வர் சேர்ந்து 57 பேர். ஏறக்குறைய எல்லோரும் இந்தியர். சும்மா வேடிக்கை பார்த்தவர்கள், சுமார் 200 பேர், எச்சரிக்கப்பட்டு வேலைக்குத் திரும்பினார்கள்.

இரண்டாம் வகையைச் சற்று உற்றுப் பாருங்கள். முதலில் கோர்ட்டில் நிறுத்தப்பட்டுப் பிறகு வழக்கு வாபஸ் வாங்கப்பட்ட சிலரும் இதில் இருக்கிறார்கள். நம் ஊரில் வழக்கு வாபஸ் ஆனால் என்ன பொருள்? ஆள் வீட்டுக்குப் போகலாம், வேலைக்குப் போகலாம் என்று பொருள். அங்கே வழக்கு வாபஸ் ஆனவுடன் விமான நிலையம்! வழக்கு நடந்திருந்தால் ஒருவேளை விடுதலையாகி வேலையில் தொடர்ந்திருப்பான். வழக்கு இல்லாமற் போனதே அவனுக்கு வினையாக முடிந்தது.

இந்த 25 பேரின் கதி என்ன ஆயிற்று? சிலர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், சிலர் வழக்காடினார்கள். அங்குள்ள வக்கீல்கள் கட்டணம் வாங்காமல் வாதாட முன்வந்தார்கள். அவர்களைப் பாராட்ட வேண்டும். தண்டனைகள் சில வாரச் சிறையிலிருந்து முப்பது மாதத்துக்கு மேற்பட்ட சிறை வரை போயின. சிலருக்குப் பிரம்படியும் விழுந்தது. பிரம்படி காட்டுமிராண்டித் தண்டனை. வெள்ளைக்காரன் விட்டுப்போன சொத்து. அதை இன்னும் கட்டிக் காப்பது எந்த நாகரிக சர்க்காருக்கும் அழகல்ல. ஆனாலும் ஒரு விஷயம். இந்தத் தண்டனைகள் ஒவ்வொன்றும் வேறு வேறு அளவில் இருந்தன. அவனவன் செய்தது என்ன என்று ஒரு நீதிபதி தனித்தனியாகக் கேட்டுப் பார்த்ததால் வந்த வித்தியாசம் அது. கலையாமல் நின்ற குற்றம் மட்டுமே நிலைத்தவனுக்குச் சில வாரச் சிறையோடு முடிந்தது. அதே குற்றம் சொல்லப்பட்டுக் கோர்ட்டையே காணாத 57 பேருக்கு எல்லாம் ஒரே தண்டனை. அதற்குக் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை, கால வரம்பும் இல்லை.

"அது தண்டனையே அல்ல" என்று சிங்கப்பூர் சர்க்கார் சொல்கிறது. அது நிர்வாகக் காரியமாம். வெளிநாட்டான் அந்த மண்ணில் இருப்பது சர்க்கார் கொடுக்கும் அனுமதியாம். கொடுத்தவர்கள் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளலாமாம். அவர்கள் 'நாடு கடத்தல்' என்ற சொல்லைக்கூட விரும்புவதில்லை. 'தாயகத்துக்குத் திருப்பி அனுப்புதல்' என்கிறார்கள். கேட்பதற்கு எவ்வளவு இனிமை! ஏதோ தாய்வீட்டுக்குச் சீர்வரிசையோடு அனுப்பி வைப்பது போல!

அந்த 57 பேரின் வீட்டு வாசலில் போய் நின்று இந்த இனிய சொல்லைச் சொல்லிப் பார்க்கட்டும். கட்டட வேலைக்குச் சிங்கப்பூர் போகும் பையன் எப்படிப் போகிறான் என்பது நமக்குத் தெரியும். அரை ஏக்கர் நிலம் ஒத்திக்குப் போகும். அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போகும். மீதிக்கு வட்டிக்காரன். இப்படிச் சேர்த்த லட்சமும் இரண்டு லட்சமும் ஏஜெண்டு கைக்குப் போய்ச் சேரும். அங்கே அந்நாளில் பலருக்கு அடிப்படைக் கூலி நாளொன்றுக்கு இருபது வெள்ளி அளவில்தான். மிகை நேர வேலை செய்தால்தான் நாலு காசு மிஞ்சும். முதல் ஒன்றரை வருஷம் உழைப்பது கடன்காரனுக்கு. அதற்கு மேல் உழைத்தால்தான் வீட்டுக்கு. இப்படிப்பட்டவனை எட்டாம் மாதத்தில் திருப்பி அனுப்பினால் அது என்ன தண்டனை என்பதைச் சட்டப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. அடகுச் சீட்டில் எழுதியிருக்கும்! பதினைந்து வாரச் சிறையையும் இதையும் எதிரே வைத்து எது வேண்டும் என்று கேட்டால், எத்தனையோ பேர் சிறையையே கேட்பார்கள்.

இதே குற்றத்தைச் சிங்கப்பூர்ப் பிரஜை ஒருவர் செய்திருந்தால்? அவரைக் கோர்ட்டில் நிறுத்தலாம், அல்லது எச்சரித்து விடலாம். இரண்டில் ஒன்றுதான். அவரை எங்கே நாடு கடத்துவது? ஆகவே அதே தெருவில், அதே இரவில், அதே செயலைச் செய்த இருவரில் ஒருவருக்கு விசாரணையும் மற்றவருக்கு விரட்டலும் விதிக்கப்படுகிறது என்றால், அந்த வேறுபாட்டைத் தீர்மானிப்பது பாஸ்போர்ட்டின் நிறம்தான். குற்றத்தின் அளவுக்கு அங்கே வேலை இல்லை.

இந்த முடிவை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போகலாமே என்று சில பத்திரிகைகள் எழுதின. எப்படிப் போவது? அந்நாட்டுக் குடிவரவுச் சட்டத்திலேயே ஒரு ஷரத்து இருக்கிறது. மந்திரியின் இத்தகைய முடிவுகளைக் கோர்ட்டு ஆராயக் கூடாது; நடைமுறை விதிகள் சரியாகப் பின்பற்றப்பட்டனவா என்பதை மட்டுமே பார்க்கலாம் என்பது அந்த ஷரத்து. அதாவது, "உண்மையில் அவன் அங்கே நின்றானா, போலீஸ் சொன்னது அவன் காதில் விழுந்ததா, சொன்ன மொழி அவனுக்குப் புரிந்ததா, வெளியேற வழி இருந்ததா" என்பதையெல்லாம் எந்த நீதிபதியும் கேட்கப் போவதில்லை. குற்றம் சாட்டியது போலீஸ், அடிபட்டதும் போலீஸ், சாட்சி சொன்னதும் போலீஸ், தீர்ப்புச் சொன்னது அந்தப் போலீஸை நிர்வகிக்கும் சர்க்கார். போலீஸ்காரர் சம்பந்தப்பட்ட குற்றங்களில் வெளிக்கோர்ட்டு மிகமிக அவசியம் என்று நாம் சொல்வது இதனால்தான். மற்றக் குற்றங்களில் போலீசார் விசாரிப்பவர்கள் மட்டுமே. இங்கே வாதியும் அவர்களே.

இன்னொரு வேடிக்கை. இந்தக் கலவரம் ஏன் நடந்தது என்று ஆராய ஓய்வு பெற்ற நீதிபதி பன்னீர்செல்வம் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைத்தார்கள். அது 2014 பிப்ரவரியில் உட்கார்ந்து பகிரங்கமாக விசாரித்தது. ஜூன் மாதம் அதன் அறிக்கை வெளியாயிற்று. கமிஷன் நாற்காலியில் அமருமுன்பே, சம்பவத்தைக் கண்ணால் பார்த்த ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் கடல் கடந்து போய்விட்டார்கள்! சாட்சிகளை ஊருக்கு அனுப்பிவிட்டு நடத்திய விசாரணை எவ்வளவு முழுமையாக இருந்திருக்கும் என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம்.

விபத்தைத் தொழிலாளர்கள் தவறாகப் புரிந்துகொண்டதும் மதுவும்தான் முக்கிய காரணங்கள். வேலை நிலைமையோ தங்குமிட நிலைமையோ காரணமல்ல என்பது கமிஷனின் முடிவு. இதைப் பற்றி நமக்கு வேறு அபிப்பிராயம் உண்டு. ஆறு நாள் அடக்கி வைத்த மனிதன் ஏழாம் நாள் ஏன் வெடிக்கிறான் என்பதற்குப் பாட்டிலை மட்டும் காரணம் காட்டுவது பண்ணையார்களின் பழைய வாதம். ஆனால் வாதத்துக்காகக் கமிஷன் சொல்வதையே ஏற்றுக்கொள்வோம். குடிபோதையும் தவறான புரிதலும்தான் காரணம் என்றால், திட்டமிட்ட சதி இல்லை என்றாகிறது. சதி இல்லையென்றால், ஒரு சிறு எச்சரிக்கையோடோ சில வாரச் சிறையோடோ முடிந்திருக்க வேண்டியவனை ஆயுள் முழுவதும் உள்ளே விடாமல் துரத்த வேண்டிய அவசியம் என்ன வந்தது?

அவசியம் எங்கே இருக்கிறது என்பதை முதல் வருஷத்துச் சம்பவம் காட்டுகிறது. 2012 நவம்பரில் அதே சிங்கப்பூரில், சீனாவிலிருந்து வந்த 171 பஸ் டிரைவர்கள் வேலைக்குப் போக மறுத்தார்கள். மலேசிய டிரைவர்களைவிடத் தங்களுக்குச் சம்பளம் குறைவு, விடுதியில் மூட்டைப்பூச்சி என்பது அவர்கள் குறை. அவர்கள் எந்தப் போலீஸ்காரர்மேலும் ஒரு விரலைக்கூட வைக்கவில்லை. ஐவர்மேல் சட்டவிரோத வேலைநிறுத்த வழக்குப் போட்டு ஆறேழு வாரம் சிறையில் வைத்தார்கள். 29 பேரின் வேலை அனுமதியை ரத்து செய்து சீனாவுக்கு அனுப்பினார்கள். இங்கேயும் அதே கணக்குத்தான்! சிலருக்குக் கோர்ட்டு, பலருக்கு டிக்கெட்டு. கலவரம் செய்தவனுக்கும் கைகட்டி நின்று சம்பளம் கேட்டவனுக்கும் ஒரே மருந்து. 'போலீசைத் தாக்கியவர்களைத் துரத்துகிறோம்' என்று செய்யப்பட்ட ஆயுதம், சம்பளம் கேட்பவன் கழுத்திலும் அதே கூர்மையோடு பாய்கிறது.

அந்த நாட்டில் அந்நாளில் வேலை அனுமதியில் இருந்த வெளிநாட்டார் ஏறக்குறையப் பத்து லட்சம். கட்டடத் துறையில் மட்டும் மூன்று லட்சத்துக்கு மேல். ஒவ்வொருவர் அனுமதியும் ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. மலேசியர் அல்லாத தொழிலாளி ஒவ்வொருவருக்கும் முதலாளி 5,000 வெள்ளிக்கு ஜாமீன் கட்ட வேண்டும். முதலாளி அனுமதியை ரத்து செய்தால் ஆள் வெளியே. தொழிலாளியைப் பிடித்து விமானத்தில் ஏற்றிவிடுவதையே தொழிலாக நடத்தும் கம்பெனிகள்கூட அங்கே இருந்தன. இத்தகைய ஏற்பாட்டில், நாடு கடத்தல் என்பது எப்போதாவது விழும் இடி அல்ல. தலைக்கு மேலே நிரந்தரமாகத் தொங்கும் அரிவாள். சம்பளப் பாக்கி கேட்க வாயெடுக்கும் ஒவ்வொருவனும் முதலில் அதைத்தான் நிமிர்ந்து பார்க்கிறான்.

இந்த அரிவாள் நேற்று அடித்ததல்ல. வெள்ளையர் ஆண்ட மலாயாவில் 1941-ம் ஆண்டு, சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் நம் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டவை என்ன? சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டும். பெண்களிடம் தோட்ட அதிகாரிகள் தவறாக நடப்பது நிற்க வேண்டும். பிள்ளைகளுக்குச் சரியான பள்ளிக்கூடம் வேண்டும். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும். தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும்! ஆம், கள்ளுக்கடையை மூடச் சொல்லிக் கேட்டவர்கள் தொழிலாளர்கள்; அதைத் திறந்து வைத்தவர்கள் துரைமார்கள். 2014-ல் 'குடிதான் காரணம்' என்று எழுதியவர்கள் இந்தச் சரித்திரத்தையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

அந்த வேலைநிறுத்தத்துக்கு வழிகாட்டிய ஆர். எச். நாதன் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் வேலை செய்தவர். அவரைக் கைது செய்தவுடன் தோட்டம் தோட்டமாகத் தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். சர்க்கார் அவசர நிலையைப் பிரகடனம் செய்தது, பட்டாளத்தை இறக்கியது. ஐந்து தொழிலாளர்கள் சுடப்பட்டு மாண்டார்கள். நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். தொழிலாளர் பலரும் அவர் பின்னால் கப்பலேற்றப்பட்டார்கள். அன்றும் சட்டம் ஒழுங்கு, அதிகாரிகளை எதிர்த்த கலகம் என்றே காரணம் சொன்னார்கள். கலகம் செய்தது யார், சுட்டது யார் என்று பகிரங்கக் கோர்ட்டில் விசாரித்திருந்தால் சங்கடமாகியிருக்கும். கப்பல் அந்தச் சங்கடத்தைத் தீர்த்து வைத்தது. 1941-ல் கப்பல், 2013-ல் விமானம். எழுபது ஆண்டில் ஏற்பட்ட முன்னேற்றம் இவ்வளவுதான்!

மலாயாவை ஆண்டவர்கள் அந்நியர். இன்றைய சிங்கப்பூர் சுதந்திர நாடு. அதற்குத் தன் எல்லையைக் காத்துக்கொள்ளும் உரிமை உண்டு. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று தீர்மானிக்கும் உரிமையும் உண்டு. இதை நாம் மறுக்கவில்லை. அந்த உரிமையை எப்படிச் செலுத்துவது என்பதற்கும் முறை இருக்கிறது. சிவில் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 13-வது ஷரத்து, சட்டப்படி தங்கியிருக்கும் அந்நியரை வெளியேற்றுமுன் அவர் தன் தரப்பைச் சொல்லவும், அந்த முடிவை மறுபரிசீலனை செய்யக் கேட்கவும் வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. தேசப் பாதுகாப்பு என்ற அவசரக் காரணம் ஒன்றே விலக்கு. சிங்கப்பூர் இந்த உடன்படிக்கையில் சேரவில்லை. ஆகவே தன்னைக் கட்டுப்படுத்தாது என்று அது சொல்லிக்கொள்ளலாம்.

நமது இந்திய சர்க்கார் என்ன செய்கிறது? இங்கேதான் வெட்கப்பட வேண்டிய விஷயம் வருகிறது. இந்தியா 1979-ல் அந்த உடன்படிக்கையில் சேர்ந்தது. சேரும்போதே, 13-வது ஷரத்து விஷயத்தில் மட்டும், அந்நியர் பற்றிய தன் சொந்தச் சட்டப்படியே நடந்துகொள்ளும் உரிமையைத் தான் வைத்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்துவிட்டுச் சேர்ந்தது! அந்தச் சொந்தச் சட்டம் 1946-ல் வெள்ளையன் போட்டது. அதன்படி அந்நியரை வெளியேற்ற மத்திய சர்க்காருக்கு எல்லையற்ற அதிகாரம் உண்டு என்று 1955-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. 2025-ல் அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்தது, அதிகாரம் போகவில்லை. தன் வீட்டுக் கதவை இப்படி வைத்துக்கொண்டிருக்கும் சர்க்கார், அடுத்த வீட்டுக்காரனிடம் போய், "என் பிள்ளையை ஏன் விசாரிக்காமல் துரத்தினாய்?" என்று எந்த வாயால் கேட்கும்? 2013-ல் கோர்ட்டில் நின்ற 25 பேருக்கு இந்தியத் தூதரகம் உதவி செய்தது. கோர்ட்டைக் காணாத 57 பேருக்காகப் பேச அதனிடம் ஒரு சட்ட வாசகம்கூடக் கைவசம் இருக்கவில்லை.

வெளிநாட்டுத் தொழிலாளர் உரிமைகளுக்காக 1990-ல் ஐக்கிய நாடுகள் சபையில் ஒரு தனி உடன்படிக்கை உண்டாயிற்று. கும்பலாக வெளியேற்றக் கூடாது, ஒவ்வொருவர் விஷயத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டும், போகுமுன் சம்பளப் பாக்கியைக் கேட்டு வாங்க அவகாசம் தர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. சிங்கப்பூரும் அதில் சேரவில்லை. லட்சக்கணக்கான பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பி, அவர்கள் அனுப்பும் அந்நியச் செலாவணியைக் கணக்குப் பார்த்து மகிழும் இந்தியாவும் அதில் சேரவில்லை. பணம் வேண்டும், பிள்ளை வேண்டாம் என்பதா கொள்கை?

ஆகவே நம் கோரிக்கையை முதலில் சிங்கப்பூரை நோக்கி அல்ல, டில்லியை நோக்கியே வைக்கிறோம். 13-வது ஷரத்துக்கு எதிராக எழுதிக் கொடுத்த விலக்கை இந்தியா வாபஸ் வாங்க வேண்டும். இந்தியாவில் வேலை செய்யும் நேபாளியாக இருந்தாலும் ஆப்பிரிக்க மாணவராக இருந்தாலும், அவர் கான்ஸ்டபிளை அடித்தார் என்று சொன்னால் கோர்ட்டில் நிரூபித்துவிட்டுப் பிறகு வெளியேற்றும் முறையை இங்கேயே கொண்டுவர வேண்டும். 1990 உடன்படிக்கையில் கையெழுத்திட வேண்டும். அதற்குப் பிறகு, நம் தொழிலாளர் போகும் ஒவ்வொரு நாட்டோடும் செய்யும் ஒப்பந்தத்தில் இதை எழுதி வாங்க வேண்டும்: போலீஸ் சம்பந்தமான குற்றத்துக்காக ஒருவரை அனுப்புவதென்றால், குற்றச்சாட்டை அவர் மொழியில் எழுத்தில் தர வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், சுதந்திரமான ஒரு நீதிபதி முன் அவர் பேச வேண்டும், பாக்கிச் சம்பளம் கைக்கு வந்த பிறகே விமானம் ஏற வேண்டும்.

சென்னை சர்க்காருக்கும் ஒரு வேலை இருக்கிறது. இப்படித் திருப்பி அனுப்பப்பட்டு மீனம்பாக்கத்திலும் திருச்சியிலும் வந்து இறங்குகிறவர்களின் பெயரை எழுதிக்கொள்ள, அவர்கள் கடனுக்கும் பாக்கிச் சம்பளத்துக்கும் வழி கேட்க ஒரு மேஜையும் ஒரு குமாஸ்தாவும் வேண்டும். விமான நிலையத்தின் வெளிவாசலில் அவர்களை வரவேற்கக் கடன்காரன் மட்டும் நின்றால் போதாது.